கோபம் படாத மட்டை

"அடுத்த பேஷன்ட்டை அனுப்பட்டுமா டாக்டர்?" என்று நர்ஸ் கதவைத் திறந்தபோது, பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில் ஏற்கெனவே ஒரு பேஷன்ட் படுத்திருந்தது. இரண்டு துண்டாக.

"கொஞ்சம் இரும்மா. கழுத்து போயிடுச்சு" என்றார் டாக்டர், நிமிராமல்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். பளிச்சென்ற விளக்கின் கீழே ஒரு கோல்ஃப் மட்டை. பந்தைக் குழிக்குள் உருட்டிவிடுவதற்கென்றே இருக்கும் குட்டையான மட்டை. தலை ஒரு பக்கம், தண்டு ஒரு பக்கம்.

"இது உங்க மாமனார் குடுத்ததாச்சே."

"மெதுவாப் பேசு."

"எப்படி உடைஞ்சுது?"

"மரத்துல பட்டுது."

"மரம் வந்து இடிச்சுதா டாக்டர்?"

டாக்டர் இரண்டு துண்டையும் பொருத்திப் பார்த்தார். காலையில் நடந்ததை அவராலேயே நம்ப முடியவில்லை. ஒரு முழ தூரம். பச்சைக் குழந்தை தவழ்ந்து போய்த் தள்ளினால்கூட விழுந்திருக்க வேண்டிய பந்து, குழியின் விளிம்பில் ஒரு சுற்று சுற்றி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று வெளியே வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த நொடி டாக்டர் ஒரு மரத்தடியில் நின்றிருந்தார். கையில் தண்டு மட்டும் இருந்தது.

இத்தனைக்கும் அவர் கோபக்காரர் இல்லை. இருபத்தெட்டு வருடமாக கோல்ஃப் ஆடுகிறார். ஒரு கோப்பைகூட வாங்கியதில்லை. புதுப் பந்து வாங்கமாட்டார். புதுப் பந்துக்குத் தாகம் அதிகம், நேரே குளத்துக்குப் போய்விடும் என்பது அவர் கண்டுபிடிப்பு. புதரில் பொறுக்கிய பந்துகளோடுதான் ஆட்டம். எல்லாரும் மின்னுகிற உலோக மட்டைகளுக்கு மாறிய பிறகும் அவர் மரத்தலை மட்டையை விடவில்லை. அது பந்தைத் தொடும்போது வரும் சத்தம், உறுதியான கடைவாய்ப்பல்லைத் தட்டுவதுபோல இருக்குமாம். பேஷன்ட்டுகளுக்கு பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும்போது விரலோடு விரல் கோத்து கோல்ஃப் பிடிதான் சொல்லித்தருவார். அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களை எங்கே பல் தேய்த்தாலும் அடையாளம் கண்டுவிடலாம்.

மாமனார் ஓய்வுபெற்ற நீதிபதி. "பல்லு பிடுங்கறவனுக்கா என் பொண்ணு?" என்று முதலில் முறைத்தவர். கடைசியில் ஒருநாள் மாப்பிள்ளையை கோல்ஃப் மைதானத்துக்கு அழைத்துப் போய் பதினெட்டுக் குழியும் ஆடவைத்துப் பார்த்தார். டாக்டர் பையிலிருந்த பந்தையெல்லாம் தொலைத்துவிட்டு, சிரித்தபடி கைகுலுக்கினார். அன்று மாலை தீர்ப்பு வந்தது: "இவ்வளவு மோசமா ஆடியும் இந்தப் பையனுக்குக் கோபம் வரல. பொண்ணு குடுக்கலாம்."

முட்டிவலி வந்து ஆட்டத்தை நிறுத்தியபோது, தன் மட்டையையும் மாப்பிள்ளை கையில் கொடுத்தார். அதன் கழுத்தில் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். ராசிக்குச் சுற்றியது என்பார். "வாழ்க்கையில ஒருநாளும் என் கோபம் இதுமேல பட்டதில்ல மாப்பிள்ளை. உங்க கையிலயும் அப்படியே இருக்கும்னுதான் தர்றேன்."

அந்த ராசியான இடத்தில்தான் சரியாக முறிந்திருந்தது. முட்டி ஆபரேஷன் முடிந்து தேறியிருக்கும் மாமனார் இன்று சாயங்காலம் வருகிறார். நாளைக் காலை அந்த மட்டையால் நாலு குழியாவது ஆடிப் பார்க்க வேண்டுமாம். மைதானத்திலேயே மட்டை ரிப்பேர்காரர் ஒருவர் இருக்கத்தான் செய்கிறார். ஆனால் அவர் வாய் ஓயாத மனிதர். காலையில் கொடுத்தால் மத்தியானத்துக்குள் மைதானத்தில் இருக்கும் முயலுக்குக்கூட விஷயம் தெரிந்துவிடும்.

டாக்டர் பல்லுக்குத் தொப்பி ஒட்டும் சிமென்ட்டைக் குழைத்தார். தடவினார். அதை இறுகவைக்கும் நீல விளக்கைப் பிடித்தார். ஒட்டிக்கொண்டது. தோற்றமும் பரவாயில்லை. நிம்மதியில் ஒரு பஞ்சு உருண்டையைத் தரையில் போட்டு லேசாகத் தட்டிப் பார்த்தார்.

பஞ்சு அசையவில்லை. மட்டையின் தலை கழன்று, திறந்திருந்த கதவு வழியாகப் போய், வெளியே காத்திருந்த பெரியவரின் காலடியில் நின்றது.

பெரியவர் அதைக் குனிந்து பார்த்தார். பிறகு தன் தாடையைத் தடவிக்கொண்டார். "போன மாசம் எனக்குப் போட்டதும் இதே சிமென்ட்தானா டாக்டர்?"

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பியதும் டாக்டர் தன் நண்பரான கண் டாக்டர் வீட்டுக்கு ஓடினார். இருபது வருட ஆட்டத் தோழர். அவரிடமும் அச்சு அசலாக அதே மாதிரி மட்டை உண்டு.

"நாளைக்கு ஒருநாள் மட்டும் குடுடா."

"எடுத்துட்டுப் போ. ஆனா ஒரு விஷயம்..."

"நேரமில்லடா" என்று டாக்டர் மட்டையைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

காரில் உட்கார்ந்து கழுத்தில் கறுப்பு டேப்பை அழகாகச் சுற்றினார். உடைந்த மட்டையை ஒரு குளியல் துண்டில் சுருட்டி கோல்ஃப் பையின் அடியில் திணித்தார். வீட்டு வாசலில் இறங்கி ஒருமுறை வீசிப் பார்த்தபோதுதான், அந்த ஒரு விஷயம் என்னவென்று புரிந்தது. கண் டாக்டர் இடதுகைக்காரர். மட்டையின் அடிக்கும் முகம் மறுபக்கம் இருந்தது. இருபது வருடம் எதிரே நின்று ஆடியும் நம் டாக்டருக்கு இது மண்டையில் ஏறியதில்லை.

திரும்பி ஓட வழியில்லை. ஹாலில் மாமனார் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. கையில என்ன?"

"மட்டை மாமா."

நீதிபதி மூக்குக்கண்ணாடியை இறக்கினார். "இது ஏன் அந்தப் பக்கம் பாக்குது?"

"இது... இடது கை மட்டை மாமா. எனக்கு வலது தோள்ல வலி. அதனால கை மாத்திட்டேன். உங்க மட்டை பத்திரமா இருக்கு."

"ம்" என்றார் மாமனார். அவருடைய "ம்" என்றால் நாற்பது வருடம் வக்கீல்கள் நடுங்கியிருக்கிறார்கள்.

சமையலறையிலிருந்து மனைவி வந்துவிட்டாள். "தோள்வலியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க?"

"உனக்கு எதுக்குக் கவலைன்னுதான்."

"நேத்துகூட அலமாரியைத் தூக்கி நகர்த்தினீங்களே."

"அதுலதான் வந்துது."

அடுத்த சில நிமிஷத்தில் பூப்போட்ட மேஜைத்துணி ஒன்று டாக்டரின் வலது கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டது. மருந்து நாற்றம் வீடெல்லாம் வீசியது.

"எங்க, ஒரு தட்டு தட்டிக் காட்டுங்க" என்றார் மாமனார், கம்பளத்தின் அந்தக் கோடியில் ஒரு டம்ளரைச் சாய்த்து வைத்து.

டாக்டர் இடது கையால் மட்டையைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். பந்து நேராகப் போய் டம்ளருக்குள் விழுந்தது. தற்செயல் என்று இன்னொரு பந்து. அதுவும் விழுந்தது. மூன்றாவதும்.

மாமனார் டம்ளரை எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இருபத்தெட்டு வருஷம் தப்பான கையில ஆடியிருக்கீங்க மாப்பிள்ளை" என்றார் நீதிபதி மெதுவாக.

டாக்டருக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை மேஜைத்துணியைத் தானே கட்டிக்கொண்டு வந்து காபிக்கு உட்கார்ந்தார். மாமனார் பேப்பரை மடித்தார்.

"நேத்து வலது தோள்."

டாக்டர் குனிந்து பார்த்தார். இடது கை தொங்கிக்கொண்டிருந்தது.

"இது ஓடற வலி மாமா."

"ம்."

"இந்த நிலைமையில நீங்க ஆட வேண்டாம்" என்று மனைவி முடிவு சொன்னாள். "அப்பா ஆடட்டும், நீங்க வேடிக்கை பாருங்க. பையை நான் தூக்கிக்கிறேன்."

"ஆனா மாமாவோட மட்டை கிளினிக்ல இருக்கும்மா."

"இல்லப்பா, பையிலயே இருக்கு. அடியில துண்டு சுத்தி குழந்தை மாதிரி படுக்க வெச்சிருக்கார். நான் தொடக்கூட இல்ல. அவ்வளவு பாசம் உங்க மட்டைமேல."

மாமனாரின் முகம் இளகியது. டாக்டருக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இந்தக் கனிவை எப்படித் தாங்குவது?

மைதானத்தில் இறங்கியதும் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "மாமா, அதோட கைப்பிடி தேய்ஞ்சிருக்கு. புதுசு போட்டுத்தான் உங்க கையில தரணும்னு இருந்தேன். ரிப்பேர்காரர் கொட்டகை இன்னைக்குத் திறக்காது. அதனால வேற மட்டையில ஆடுங்களேன்."

"கைப்பிடி கிடக்கட்டும்" என்றார் மாமனார் சட்டென்று. "அந்தக் கொட்டகைக்கெல்லாம் எதுக்கு? நேரா ஆட்டத்துக்குப் போவோம்."

"திறந்துதாம்ப்பா இருக்கு" என்று மனைவி கையை நீட்டினாள். "ரெண்டு நிமிஷ வேலை. வாங்க."

அவள் பையோடு முன்னே நடந்தாள். பின்னால் மாமனாரும் மாப்பிள்ளையும் போட்டி போட்டுக்கொண்டு மெதுவாக நடந்தார்கள். மாமனாருக்கு முட்டிவலி என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

கொட்டகையில் வயதான ரிப்பேர்காரர், வழக்கத்துக்கு மாறாக வாயை மூடிக்கொண்டு எதையோ ராவிக்கொண்டிருந்தார். மனைவி பையின் அடியில் கைவிட்டு, துண்டுச் சுருளை எடுத்து மேஜைமேல் பக்குவமாக வைத்தாள். ரிப்பேர்காரர் பிரித்தார்.

தலை ஒரு பக்கம் உருண்டது. தண்டு ஒரு பக்கம் சாய்ந்தது. முறிந்த இடத்தில் பல் சிமென்ட் வெள்ளையாகச் சிரித்தது. மனைவியின் கை வாய்க்குப் போனது.

டாக்டர் மேஜைத்துணியிலிருந்து கையை உருவினார். இனி தொங்கி என்ன பிரயோஜனம்? "மாமா" என்றார். "கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க என்னை நம்பினீங்க. அந்த நம்பிக்கையை நான்..."

ரிப்பேர்காரர் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. முறிந்த கழுத்தை வெளிச்சத்தில் பிடித்து, பழைய கறுப்பு டேப்பைச் சுரண்டி, உள்ளே தன் கைவேலையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். பிறகு கதவோரம் நழுவிக்கொண்டிருந்த நீதிபதியை நிமிர்ந்து பார்த்து, உரிமையோடு கேட்டார்:

"மறுபடியுமாங்கய்யா? முட்டி ஆபரேஷனுக்கு அப்புறமாவது கோபம் குறையும்னு நெனச்சேன். இந்தத் தடவை எந்த மரம்?"