நேரத்துக்கு முன் அடித்த மணி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் நலம், உன் நலமும் உன் வீட்டார் நலமும் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. அதில் உன் வீட்டாரைப் பற்றிய பகுதி மட்டும் உண்மை. எனக்குப் பித்தப்பையில் கல். நான் தலைமை நர்ஸாக இருக்கும் வார்டிலேயே, இத்தனை வருடம் விரிப்பு மாற்றிய கட்டிலிலேயே படுத்திருக்கிறேன். போனில் சொல்லத்தான் செய்தேன். "ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன்டா" என்றேன். "தெரிஞ்ச கதைதானேக்கா, டூட்டி முடிஞ்சதும் பேசு" என்று வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிட்டால் குரல் உடைந்துவிடும், அதனால் கடிதம். பதறி ஓடிவர வேண்டாம். சின்ன ஆபரேஷன்தான்.

புதிதாக வந்த நர்ஸ் பெண் ஊசியோடு வந்து, எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும் என்றாள். அந்த வசனத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். எறும்பு இப்படிக் கடிக்காது தம்பி. என்னிடம் ஊசி போட்டுக்கொண்டவர்களை எல்லாம் தேடிப்போய் மன்னிப்புக் கேட்கலாம் என்றிருந்தது. அது போகட்டும், பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு டிரிப்ஸ் தீரப்போகிறது, அதைப் பார்த்துக்கொண்டு சும்மா படுத்திருக்க முடியுமா? என் டிரிப்ஸ் கம்பியை உருட்டிக்கொண்டு போய் அவருடையதை மூடிவிட்டுத் திரும்பினால், என் குழாயில் ரத்தம் ஏறி நிற்கிறது. எனக்குப் பதிலாக வார்டைப் பார்க்கும் சிஸ்டர் ஓடிவந்து, "மேடம், நீங்க இப்ப பேஷண்ட். பேஷண்டா இருங்க" என்றாள். அதுதான் எனக்கு வரமாட்டேன் என்கிறது.

இதற்கு மேல் ஒரு தொல்லை. ஆபரேஷன் நடக்கும்போது துணையாள் ஒருவர் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும், ஆளில்லையென்றால் தேதியைத் தள்ளிவை என்பது எங்கள் வார்டுச் சட்டம். போட்டவள் நான். ஆளே இல்லாதவர் என்று ஒருவர் இருக்கக்கூடும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. "கூட யாரு மேடம்?" என்று அந்தச் சிஸ்டர் என்னிடமே கேட்டாள். நான் கூரையைப் பார்த்தேன். ஃபேனில் தூசி இருந்தது. அதைத் துடைக்கச் சொன்னேன்.

நேற்றுச் சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் பக்கத்துக் கட்டிலைச் சுற்றிக் கல்யாண வீட்டுக் கூட்டம். மகன் கால் பிடித்துவிடுகிறான், மருமகள் தலை வாரிவிடுகிறாள், உட்கார இடமில்லாமல் ஒரு மாமா என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "உங்களப் பாக்க யாரும் வரலியாம்மா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பழத்தை உரித்து அந்தப் பக்கம் நீட்டினார். எனக்கு என்ன வந்ததோ, எழுந்து போய் நர்ஸ் மேஜையில் இருந்த, பார்வையாளர் நேரம் முடிந்ததும் அடிக்கும் மணியை எடுத்து அடித்துவிட்டேன். நேரம் முடிய இன்னும் நிறைய இருந்தது. பழகிய கை அல்லவா, அடித்த அடியில் ஒருவர்கூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அடிப்பது தலை கலைந்து, நோயாளி உடையில் நிற்கும் ஒருத்தி என்பதையும் பார்க்கவில்லை. பைகளைத் தூக்கிக்கொண்டு மளமளவென்று வெளியேறினார்கள். எல்லாக் கட்டிலும் என் கட்டிலைப் போல ஆனது. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்துக் கட்டில் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் எவ்வளவு தனியாக இருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. மாடிப்படி வரை ஓடிப்போய் எல்லாரையும் திரும்ப அழைத்துவந்தாள், மணியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். இன்னொரு சாவி என்னிடம் இருப்பது அவளுக்கு மறந்துபோயிற்று.

ஆகவே நீ கவலைப்படாதே. துணைக்கு வார்டு ஆயாவை உட்காரச் சொல்லியிருக்கிறேன், சரி என்றுவிட்டாள். வேலையைக் கெடுத்துக்கொண்டு நீ வர வேண்டாம். உன் மனைவிக்கு அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். எல்லாரும் நோய்நொடியின்றி, குறிப்பாக எங்கள் வார்டில் படுக்கும் அவசியமின்றி, நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: ஆயாவிடம் நான் கேட்கவே இல்லை. கேட்க வாய் வரவில்லை. ஆபரேஷன் அடுத்த வெள்ளிக்கிழமை காலை. நீ வந்துவிடு. முந்தின நாள் சாயங்காலமே வந்து என் கட்டிலில் உட்கார். மணி அடித்தால் எழுந்து போய்விடாதே, அடிப்பது நானாக இருந்தாலும்.