கிரைஸ்லர் கட்டடமும் என் மொட்டைமாடிக் கதவும்

எதையும் முக்கால்வாசி தெரிந்துகொள்வதுதான் ஆபத்து. ஒன்றும் தெரியாதவன் சும்மா இருப்பான். முழுசாகத் தெரிந்தவன் யோசிப்பான். முக்கால்வாசி ஆள்தான் மூங்கில் வாங்கக் கிளம்புவான். நான் கிளம்பினேன்.

சித்தூரில் எனக்கு மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் கடை. ஆள் வராத மதியங்களில் செல்போனில் பெரிய கட்டடங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். (வேறு எங்கே நான் பெரிய கட்டடம் பார்ப்பது?) அப்படிச் சிக்கியதுதான் நியூயார்க்கின் கிரைஸ்லர் கட்டடம். கார் முதலாளி கட்டியது என்பதால் சுவர்ச் செங்கல்லிலேயே கார்ச் சக்கரங்கள், மூலைகளில் எஃகுக் கழுகுத் தலைகள், உச்சியில் சூரியன் உதிக்கிற மாதிரி பளபள வளைவுகள். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

அதைவிட அதன் தந்திரம் பிடித்துப்போனது. அதே ஊரில் இன்னொரு கட்டடமும் ‘உலகிலேயே உயரம்’ என்ற பேருக்காகப் போட்டிபோட்டு எழும்பிக்கொண்டிருந்தது. இவர்கள் எஃகு ஊசிக் கோபுரத்தைத் துண்டு துண்டாக உள்ளே கொண்டுபோய், சத்தமில்லாமல் கோர்த்து, ஒருநாள் திடீரென்று தூக்கி நிறுத்திவிட்டார்கள். எதிராளி காலி!

உடனே என் மச்சான் டேனியல் ஞாபகத்துக்கு வந்தான்.

எங்கள் வீதியில் எந்த வீட்டுக் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் உயரமோ, அங்கேதான் வீடுவீடாக வரும் கேரல் கூட்டம் முதலில் பாடும். முதல் வீட்டுக்கு முழுக் குரல் கிடைக்கும். கடைசி வீட்டுக்கு இருமல்தான். டேனியல் என் மனைவி எஸ்தரின் தம்பி, எதிர்வீடு. அவன் இன்னொரு மாடி கட்டியதிலிருந்து முதல் பாட்டு அவனுக்கு, இருமல் எனக்கு.

மூங்கிலைத் துண்டுகளாக வாங்கி, சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தேன். மாடிப்படி முடிகிற சின்ன அறையில் வைத்துக் கோர்த்தேன். நீளக் கம்பு, அதன் நுனியில் நட்சத்திரம். தட்டை நட்சத்திரம் இல்லை. எல்லாப் பக்கமும் முனை நீட்டிக்கொண்டிருக்கும் பலாப்பழ சைஸ் நட்சத்திரம். (பலாமரம் சைஸ் என்பாள் எஸ்தர்.)

டேனியல் வாசலில் நின்று சீண்டினான். “இன்னா மாமா, ஸ்டாரையே காணோம்? தோத்துட்டேன்னு ஒத்துக்கினியா?”

“முதுகு வலி மச்சான். நீயே மொத பாட்டக் கேட்டுக்கோ” என்றேன், உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே.

எஸ்தர்தான் நட்சத்திரத்தையும் மொட்டைமாடிக் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். “இது வெளிய எப்டிங்க வரும்?”

“நியூயார்க்ல வந்துச்சி. இங்க வராதா?”

கேரல் வரும் நாள் சாயங்காலம் வீதிமுனையில் டிரம் சத்தம் கேட்டதும் நான் மொட்டைமாடிக்குப் போய்க் கம்பைப் பிடித்து இழுத்தேன். எஸ்தர் படியில் நின்று தள்ளினாள். கம்பு முழுசாக வெளியே வந்தது. நட்சத்திரம் பாதி வந்து நின்றுவிட்டது.

“தள்ளட்டா, இழுக்கட்டா?”

“தள்ளு!”

தள்ளினாள். முனைகள் நிலைச்சட்டத்தில் நன்றாக இறுகின. இப்போது அது முன்னேயும் வரவில்லை, பின்னேயும் போகவில்லை. கீழே இறங்க எனக்கு இருந்த ஒரே வழியும் அதுதான்.

அப்போதுதான் விளங்கியது. அந்தக் கட்டடத்தின் உச்சி திறந்திருந்தது. ஊசி மேல்வழியாக ஏறியது. என் மாடிப்படி அறையின் உச்சியில் கூரையும் அதன்மேல் தண்ணீர்த் தொட்டியும் இருந்தன.

பதற்றத்தில் எஸ்தர் கை எங்கோ பட்டு, நட்சத்திரத்துக்குள் விளக்குகள் எல்லாம் எரிந்தன. நான் கைப்பிடிச் சுவரோரம் நின்று கத்தினேன். டேனியல் வீட்டுப் பக்கம் திரும்பிய கேரல் கூட்டம் அப்படியே எங்கள் வாசலுக்கு ஓடிவந்தது.

“மாமா, அங்கியே இரு! அருவா எத்துக்கினு வரேன்” என்று டேனியல் உள்ளே ஓடினான். (வேறு எங்கே போவேன்?)

அவன் நட்சத்திரத்தை வெட்டி முடிக்கும்வரை சும்மா நிற்பானேன் என்று கூட்டம் பாட ஆரம்பித்தது. இயேசு பிறந்த இரவில் பெத்லகேமில் மேலேயிருந்து தேவதூதர்கள் பாடினார்கள், கீழே மேய்ப்பர்கள் கேட்டார்கள். இங்கே எல்லாம் தலைகீழ். ஆனாலும் முதல் பாட்டு. முழுக் குரல். வீதியே அண்ணாந்து என்னைப் பார்த்தது.

அந்தக் கட்டடம் உலக உயரப் பட்டத்தை ஒரு வருஷம்கூட வைத்துக்கொள்ளவில்லை; வேறொன்று பிடுங்கிக்கொண்டது. என் பட்டம் இன்னும் பத்திரமாக இருக்கிறது. கட்டிலோ பீரோவோ எது வாங்கினாலும் எங்கள் குடும்பத்தில் விலைக்கு முன்னால் “வெளிய வருமா?” என்றுதான் கேட்கிறார்கள். போன மாதம் புது ஃப்ரிட்ஜ் வந்து இறங்கியது. எதிர்வீட்டு வாசலில் டேனியல் தயாராக நின்றிருந்தான், கையில் அரிவாளோடு.