ஊறினால் தானே அடையும்

அன்றைக்கு அந்தப் புதுக் குளியலறைக்குள் நின்றவர்கள்: வீட்டுக்காரர் ரோச் தண்டல், அவர் மனைவி பிலோமினா, மகள் பேபி, பக்கத்து வீட்டு இரும்புக்கடை மாசானம் அண்ணாச்சி, பிளம்பர் மந்திரமூர்த்தி. ஆக ஐந்து பேர். ஆறாவதாக, எவ்வளவு முறுக்கியும் வாயை மூடாத ஒரு குழாய்.

ஆறு பேரில் அதிகம் பேசியது குழாய்தான். அதற்கு அடுத்தபடி தண்டல்.

மில்லர்புரத்து வீட்டைப் புதுப்பித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பின்கட்டில் இருந்த பழைய மறைப்பை இடித்துவிட்டு, வெள்ளை ஓடு பதித்து, மாடியில் சிமெண்ட் தொட்டி கட்டி, குளியலறை என்று சொல்லும்படியாக ஒன்று எழும்பியிருந்தது. கீழே ஒரு குழாய், மேலே ஷவர், கை கழுவும் பேசினுக்கு ஒன்று, அண்டா நிரப்ப ஒன்று, வெளிச்சுவரோடு செடிக்கு ஒன்று. மொத்தம் ஐந்து. ஐந்தும் ஒழுகின. உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரும் இரும்பைச் சும்மா விடுமா?

பிளம்பரைக் கூப்பிடு என்று பிலோமினா சொன்னாள். தண்டல் கேட்கவில்லை. முப்பத்தோரு வருஷம் கொழும்புக்குத் தோணி ஓட்டியவர். நடுக்கடலில் தோணி ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது? சுறாவையா? அவரே ஐந்து குழாய்க்கும் வைத்தியம் பார்த்தார். பார்த்த மறுநாள், அவர் மீன் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்துப் பிலோமினா ஆள் அனுப்பிவிட்டாள். அதனால்தான் மந்திரமூர்த்தி இப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கே நின்றான்.

"தண்டலய்யா, இது என்ன நாத்தம்?"

"நாத்தமில்லவே. சுறா எண்ணெய்."

"குழாய்க்கு எதுக்கு சுறா எண்ணெய்?"

"கலப்பத்து அடிச்சிருக்கேன். பஞ்சுத் திரியை இடுக்கில வச்சு அடிச்சு, மேல குங்கிலியம் பூசி, அதுக்கு மேல எண்ணெய். தோணிப் பலகைக்கு நாங்க இப்படித்தான் அடைப்போம். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராது."

"தோணியில தண்ணி வெளிய இருந்து உள்ள வரும். இதுல உள்ள இருந்துல்லா வெளிய வருது?" என்றான் மந்திரமூர்த்தி.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவன் சிரித்துவிட்டான். பேபியும் சிரித்தாள். மாசானம் அண்ணாச்சி துண்டை வாயில் வைத்துக்கொண்டார். துண்டுக்கு மேலே அவர் கண் சிரித்தது.

ரோச் தண்டலின் மீசை தூத்துக்குடி கரையில் பேர் பெற்றது. இரண்டு பக்கமும் நங்கூரம் மாதிரி வளைந்து நிற்கும். அந்த மீசை துடித்தது.

"ஏலே, வெளிய போ! அஞ்சு குழாயையும் நானே அடைக்கேன். மாசானம் அண்ணாச்சி, நீரு சாட்சி. இனி இவன் என் வாசலை மிதிச்சா, மாதா திருநாளன்னைக்கு இந்த மீசையை எடுத்துருதேன்!"

பேபியின் சிரிப்பு நின்றது. ஏனென்றால் திருநாளுக்குப் பெரியதாழையிலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். தன் மகனுக்குப் பேபியைப் பெண் கேட்டிருந்த இனிகோவும் ஒரு தண்டல்தான். கடலில் ரோச்சுக்குப் போட்டி. கரையில் மீசை இல்லாதவர். மீசை இல்லாத சம்பந்தியை மீசை இல்லாத சம்பந்தி வரவேற்பதா? ஆயுசுக்கும் சொல்லிச் சிரிக்க மாட்டாரா?

பிலோமினா மட்டும் பதறவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"வாசலைத்தான சொன்னிய?"

"வாசலைத்தான்."

"சரி. அவரு வாசலை மிதிக்க மாட்டாரு. நான் பொறுப்பு."

மந்திரமூர்த்தி ரெஞ்சைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனான். மாசானம் அண்ணாச்சி சாட்சி நின்ற கையோடு தண்டலுக்குப் பன்னிரண்டு ரப்பர் வாஷரை விற்றார்.

அன்று முதல் வீடு தோணியானது. புதுத் தோணியைக் கடலில் இறக்கினால் முதல் இரண்டு நாள் ஒழுகத்தான் செய்யும். தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். பலகை தண்ணீர் குடித்து ஊறி, உப்பி, இடுக்கெல்லாம் தானே அடைந்துவிடும். தண்டல் இதை உலக நியதி என்று நம்பினார்.

"ஏளா, பயப்படாத. ஊறினாத் தானே அடையும்."

"பலகை ஊறும். இரும்பு ஊறுமா?"

"எல்லாம் ஊறும். காலம் ஆகும், அம்புட்டுதான். அதுவரைக்கும் இறைக்கணும். காலம்பற நீ. மத்தியானம் பேபி. சாயங்காலம் நான்."

"சாயங்காலம் நீங்க கோயிலுக்குல்லா போவிய?"

"அப்ப சாயங்காலமும் நீ."

பிலோமினா இறைத்தாள். பேபி இறைத்தாள். தண்டல் குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காற்று எந்தத் திசை என்று பார்த்துக்கொண்டிருந்தார். குழாய்கள் ஒழுகின. சுறா எண்ணெய் வாசத்துக்கு மில்லர்புரத்துப் பூனைகள் வந்து சேர்ந்தன. முதல் நாள் இரண்டு. மறுநாள் ஆறு. அவை ஆறும் வரிசையாக உட்கார்ந்து, உள்ளே சுறா குளித்துக்கொண்டிருக்கிறது என்று நம்பிக் கதவையே பார்த்தன.

"இங்கேருங்க, சம்பந்தியம்மா குளிக்கப் போனா பூனையும் கூடப் போகுமே?"

"போகட்டும். பூனையும் குளிக்காண்டாமா?"

திருநாளுக்குக் கொடியேறி நாலாம் நாள் தண்டல் வாஷர்களை எடுத்தார். ஐந்து குழாயையும் கழற்றினார். உள்ளே இருந்த பழையதை எடுத்தார், புதியதைப் போட்டார், முறுக்கினார். முறுக்குவதில் மட்டும் குறை வைக்கவில்லை. நங்கூரச் சங்கிலி இழுத்த கை. பேசின் குழாயின் தலை கையோடு வந்துவிட்டது. அதைத் திரும்ப வைத்து, பஞ்சுத் திரியால் தலைப்பாகை கட்டிவிட்டார். டப்பாவை எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டில் ஐந்து போனால் ஏழு. சரியாக இருந்தது.

கணக்கு மட்டும்தான் சரியாக இருந்தது. கீழ்க்குழாயைத் திறந்தால் ஷவர் கொட்டியது. ஷவரைத் திறந்தால் செடிக்குத் தண்ணீர் பாய்ந்தது. எதைத் திறந்தாலும் பேசின் குழாய் தலைப்பாகைக்குள்ளிருந்து எச்சில் துப்பியது.

"மந்திரமூர்த்தியக் கூப்பிடட்டா?"

"வாசலை மிதிக்கக் கூடாது!"

"மிதிக்க மாட்டாரு. கூப்பிடட்டா?"

"வாசலை மிதிக்காம எப்படிளா வருவான்? பறந்தா?"

பிலோமினா பின்பக்கம் மாசானம் அண்ணாச்சி வீட்டுச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போனாள். தண்டல் அதைக் கவனிக்கவில்லை. காற்று தென்மேற்கா, தெற்கா என்று அவருக்குச் சந்தேகம்.

திருநாளுக்கு முந்தின நாள். சாயங்கால ஆராதனைக்குத் தண்டல் கிளம்பினார். உள்ளுக்குள் கலக்கம்தான். ஆனாலும் மீசையை முறுக்கி, எண்ணெய் தடவி, நிமிர்ந்தே நடந்தார். மாதா முன்னால் முழங்காலில் நின்று அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தாயே, எத்தனை புயல்ல என் தோணியக் காப்பாத்தின. இந்த அஞ்சு குழாய்தானா உனக்குப் பெரிசு?"

திரும்பி வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. என்னவோ குறைகிறதே என்று நின்றார். சொட்டுச் சத்தம் இல்லை. பூனைகள் இல்லை. குளியலறையில் சுறா வாசமும் இல்லை, சோப்பு வாசம் அடித்தது. ஐந்து குழாயையும் திறந்தார், மூடினார். திறந்த குழாயில் மட்டும் தண்ணீர் வந்தது. மூடினால் நின்றது. பேசின் குழாய் தலைப்பாகை இல்லாமல் பளபளவென்று நின்றது.

"ஏளா! பிலோமி! என்ன ஆச்சு?"

பிலோமினா மக்ரூன் தட்டைத் துடைத்தபடி வந்து எட்டிப் பார்த்தாள்.

"அட, ஆமா! நீங்க சொன்னாப்லதான். ஊறி அடைச்சிட்டு போலிருக்கு."

தண்டலுக்கு நெஞ்சு ஊறியது. உப்பியது.

"நான் சொன்னேம்லா?"

"சொன்னிய, சொன்னிய."

"பஞ்சுத் திரியை எங்க?"

"உள்ள இழுத்துக்கிட்டு போல. ஊறுச்சுல்லா?"

மறுநாள் சம்பந்தி இனிகோ தன் மனைவி அந்தோணியம்மாளோடு வந்து இறங்கினார். பூசை முடிந்து, மத்தியானச் சாப்பாடு முடிந்து, வெற்றிலைத் தட்டு வந்தது. தண்டல் அதற்காகவே காத்திருந்தார். சம்பந்தியைக் குளியலறைக்கு அழைத்துப்போனார். மாசானம் அண்ணாச்சியும் பின்னாலேயே வந்தார். ஐந்து குழாயும் திறந்து மூடிக் காட்டப்பட்டன. ஷவரில் இனிகோவின் தோள் நனைந்தது.

"யாரு வே பிளம்பர்?" என்றார் இனிகோ.

"பிளம்பரா? எனக்கெதுக்குவே பிளம்பர்? எல்லாம் இந்தக் கை. பேபி, அந்த டப்பாவை எடு. சம்பந்தி, கணக்கைக் கேளும். வாங்கினது பன்னிரண்டு வாஷர். போட்டது அஞ்சு. மீதி ஏழு. நீரே எண்ணும்."

இனிகோ டப்பாவைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாக பேசின் விளிம்பில் வைத்து எண்ணினார். ஐந்து. ஆறு. ஏழு. தண்டல் மீசையை முறுக்கினார். எட்டு. முறுக்கிய கை நின்றது. ஒன்பது. பத்து. மாசானம் அண்ணாச்சி திடீரென்று ஷவரை நிமிர்ந்து பார்த்தார்.

"பதிமூணு இருக்குவே," என்றார் இனிகோ.

தண்டல் கப்பல் கவிழ்ந்தவர்போல் நின்றார். குசினி வாசலில் பிலோமினா நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்த நாக்கைப் பார்த்ததும் அவருக்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதி புரியுமுன் வாய் முந்திக்கொண்டது. கொழும்புச் சுங்கத்தில் பழகிய வாய்.

"பதிமூணு இருக்குன்னா என்னவே அர்த்தம்? நான் ஒரு வாஷர்கூடப் போடலைன்னு அர்த்தம்! அஞ்சு போட்டேன்னு சொன்னது உம்ம சோதிக்க. வாஷரே இல்லாம அடைச்சிருக்கேன்!"

"பன்னிரண்டு வாங்கினதா சொன்னீரு?"

"ஒண்ணு கொசுறு. மாசானம் அண்ணாச்சி கொடுத்தாரு. கேட்டுப் பாரும்."

வாழ்நாளில் ஓர் ஆணிகூடக் கொசுறு கொடுத்திராத மாசானம் அண்ணாச்சி, கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

இனிகோவின் வாய் பிளந்தது. "வாஷரே இல்லாமலா! தண்டலே, இது பெரிய வித்தைவே." என்று சொல்லிக்கொண்டே பதிமூன்றையும் டப்பாவில் அள்ளிப் போட்டார். டப்பாவைச் சட்டைப் பையில் போட்டார். "வாஷர் வேண்டாத கைக்கு இது எதுக்கு? எங்க வீட்டில நான் வச்சுக்கிடுதேன். வாற ஞாயித்துக்கிழமை வந்து எங்க குழாயும் அடைச்சுக் கொடும். ஏழு இருக்கு. ஏழும் அழுவுது."

"ஞாயித்துக்கிழமை எனக்கு..."

"கட்டாயம் வருவாவ, சம்பந்தி," என்றது குசினியிலிருந்து ஒரு குரல்.

தண்டல் தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"ஏளா, அவன் வாசலை மிதிச்சானா?"

"மாதா அறிய மிதிக்கலை."

"பொறவு?"

"மாசானம் அண்ணாச்சி ஏணி போட்டாவ. சுவரேறி வந்தாரு, சுவரேறிப் போனாரு. உங்க மீசைக்குச் சேதம் இல்லை."

"டப்பா?"

"அதுதான் எம் புத்தி. நீங்க போட்ட அஞ்சையும் கழத்தித் தந்தாரு. ரப்பர் நல்லாத்தான இருக்குன்னு கழுவிப் போட்டுட்டேன். ஒண்ணு அவரு மறந்து வச்சுட்டுப் போனது."

"ஊறி அடைச்சிட்டுன்னு சொன்னியே!"

"நான் எங்க சொன்னேன்? நீங்க சொன்னதைத்தான் சொன்னேன். அந்தப் பஞ்சைச் சுரண்டி எடுக்க அவருக்கு ரெண்டு மணி நேரம், பாவம்."

வெளியே போய் உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் பொய்யன் என்று இனிகோ பெரியதாழை முழுக்கத் தண்டோரா போடுவார். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஏழு குழாய்.

"பெரியதாழைக்கு நான் போகமாட்டேன்! செத்தாலும் போகமாட்டேன்!"

"போங்க. மந்திரமூர்த்திகிட்ட ஆள் அனுப்புதேன். முன்னாலயே போய் நிப்பாரு. சம்பந்தி வீட்டுப் பின்சுவர் எம்புட்டு உயரம்னு மட்டும் இப்பமே கேட்டு வச்சுக்கிடுங்க."

தண்டல் கதவைத் திறந்தார். நெஞ்சை நிமிர்த்தினார். புயலில் பாய்மரம் முறிந்தபோதும் இப்படித்தான் நின்றார் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள்.

"சம்பந்தி, உங்க வீட்டுப் பின்சுவர் எம்புட்டு உயரம்?"

"ஆளுயரம். ஏன்வே?"

"காத்துப் பார்த்துதான் நான் குழாயில கைவைப்பேன்," என்றார் தண்டல் அசராமல்.

அந்திக்குச் சம்பந்தி வீட்டார் பஸ் ஏறினார்கள். தண்டல் குளியலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். குழாய் ஐந்து, அவர் கையால் அடைந்தது ஒன்றும் இல்லை. வாஷர் பதிமூன்று, டப்பாவோடு பெரியதாழைக்குப் போயிற்று. பூனை ஆறு, ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. எல்லாம் கழித்தது போக மீதி, பிலோமினாவின் தயவில், மீசை ஒன்று.