செவ்வாய்க்கிழமைக்காரிக்கு ஆகாத எண்

"உங்கள் எண்ணுக்கு ஆறு இலக்க ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம்" என்றது புதுப் போன்.

அனுப்பியிருக்கும், சந்தேகமே இல்லை. அந்த எண்தான் இப்போது அம்பொன் அக்காவிடம் இல்லை.

"என்னவாம்?" என்றார் கணவர் பிரயூன், வாத்து முட்டைத் தட்டுகளுக்கு நடுவே கால் வைக்க இடம் தேடிக்கொண்டு.

"என் கணக்குக்குள்ள நான் போகணும்னா, நான்தான் நான்னு காட்டணுமாம்."

"காட்டேன்."

"பழைய நம்பருக்கு வந்த ஓ.டி.பி.யக் காட்டணுமாம்."

"அதைத்தான் கடையில குடுத்துட்டுத் தலை முழுகிட்டு வந்தியே" என்றார் பிரயூன். லாரி ஓட்டிப் பழகியவர். கண்ணாடியில் பின்னால் இருப்பதெல்லாம் தெளிவாகத் தெரியும்.

பெட்சபுரியில் எங்கள் சந்துக்கென்று ஒரு பெயர் இருக்கிறதென்றால் அது அம்பொன் அக்காவின் ஃபோய் தோங்கால்தான். மஞ்சள் கருவைக் கொதிக்கும் பாகில் நூல் நூலாக இழுத்து மடித்து எடுப்பாள். பெயரிலேயே தங்கம் இருக்கிற இனிப்பு. கல்யாணம், புதுவீடு, பூசை, எதுவும் அது இல்லாமல் நடக்காது. ஆர்டரெல்லாம் போனில் அந்தக் கணக்குக்குத்தான் சேதியாக வரும். வருகிற சனிக்கிழமைக்கும் ஒன்று வந்திருந்தது. அனுப்பியவர் பெயரில்லை, தாமரைப் படம் மட்டும். நூறு பெட்டி, காலை நல்ல நேரத்துக்குள் வேண்டும், விலாசம் பிறகு அனுப்புகிறோம் என்றிருந்தது. அக்கா ஒப்புக்கொண்டாள். விலாசம் வந்து சேர்வதற்குள் போனை மாற்றிவிட்டாள்.

இப்போது வீடு முழுக்க முட்டை. கொண்டுபோய்க் கொடுக்க ஒரு வாசல்தான் தெரியவில்லை. நல்ல காரியத்துக்குத் தங்கம் வராமல் போனால், அந்த வீட்டில் அப்புறம் பூனை குறுக்கே போனாலும் பழி அக்காவுக்குத்தான். அந்தச் சேதி மறுநாளே சந்தைக்கு வந்துவிடும். பெட்சபுரியில் இனிப்புக்காரிகளுக்கா பஞ்சம்?

போனை ஏன் மாற்றினாள் என்று கேட்பீர்கள். முதுகு வலி.

எங்கள் ஊரில் ஜோசியம் பார்க்கும் கோவித் ஆசானைக் கேட்காமல் யாரும் பல்லைக்கூடப் பிடுங்கிக்கொள்வதில்லை. அக்காவுக்கு அம்மா வைத்த பெயரை மாற்றியவரே அவர்தான். அது சரிப்படவில்லை என்று இன்னொரு முறையும் மாற்றினார். அம்பொன் என்பது மூன்றாவது பெயர். இந்த முறை அவர் பெயரைத் தொடவில்லை. போன் நம்பரை எழுதிக் காட்டச் சொன்னார், வெகு நேரம் பார்த்தார், கூட்டினார், கழித்தார், கண்ணை மூடினார்.

"எந்தக் கிழமை பிறந்த?"

"செவ்வாய், ஆசான்."

"செவ்வாய்க்கிழமைக்காரிக்கு இந்த நம்பர் பாரம்மா. தினம் சுமந்தா முதுகு வலிக்காம என்ன செய்யும்?"

பிறகு, கறுப்புப் போனும் ஆகாது, செவ்வாய்க்கு ரோஸ்தான் என்றார். அதிர்ஷ்ட எண் விற்கும் தோங்கின் கடைக்கு அவரே வழியும் சொன்னார். தோங் பழைய எண்ணை வாங்கிக்கொண்டு புதிய எண்ணைக் கொடுத்தான். பழைய போனையும் வாங்கிக்கொண்டு, பீடை ஒட்டியிருக்கக் கூடாதென்று அதிலிருந்ததை எல்லாம் சுத்தமாக அழித்தும் விட்டான். முதுகு வலி போகவில்லை. இப்போது ரோஸ் போனைப் பார்த்துக்கொண்டே வலித்தது.

முதலில் போனின் உதவிப் பக்கத்தைக் கேட்டுப் பார்த்தாள். அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னது. அனுப்பினாள். கணக்கு அக்காவின் இரண்டாவது பெயரில் இருந்தது, அட்டை மூன்றாவது பெயரில். 'வேறொருவர் கணக்கில் நுழைய முயல்வது குற்றம்' என்று பதில் வந்தது.

தோங்கிடம் ஓடினாள்.

"என் பழைய நம்பர யார் வாங்கினாங்கன்னு சொல்லு தம்பி."

"அது மட்டும் கேக்காதீங்கக்கா. வாங்கினவங்க பேரச் சொன்னா இந்தத் தொழில்ல நிக்க முடியாது."

"என் பொழப்பே போகுது."

"உங்க நம்பர்தானே, மறந்தா போச்சு? நீங்களே கூப்பிட்டுக் கேளுங்க."

இதில் ஒரு நியாயம் இருப்பதாக எங்களுக்கும் பட்டது. சாயங்காலம் அக்கா வீட்டு முற்றத்தில் கூடினோம். துணைக்குத்தான். அக்கா தன் பழைய எண்ணைத் தானே அழைத்தாள். மறுமுனையில் ஒரு பெண் குரல்.

"வணக்கம்மா, என்னை உங்களுக்குத் தெரியாது. இப்ப உங்க போனுக்கு ஆறு நம்பர் வரும். அதை மட்டும் எனக்குச் சொல்லிடுங்க."

சொல்லி முடித்ததும் அக்காவுக்கே உறைத்தது. பாங்கு வாசலில், பஸ்ஸில், போலீஸ் நிலையத்தில், கோயில் உண்டியலில்கூட ஒட்டியிருக்கிறார்களே, யார் கேட்டாலும் சொல்லாதே என்று. அதே ஆறு எண்.

"இதுக்கு வேற வேலை பாக்கலாம்" என்றது அந்தக் குரல். வைத்துவிட்டது.

"நீ கேட்ட விதம் சரியில்ல. தழைஞ்சு கேக்கணும்" என்றார் பிரயூன். போனை வாங்கி அவரே தழைந்தார். "அம்மா, நான் அந்தப் பொண்ணோட புருஷன். நாங்க நல்ல குடும்பம். கோழி கூவுற நேரத்துக்கு எழுந்து பாடுபடுறவங்க."

"முதல்ல பொம்பளை, இப்ப ஆம்பளையா?"

"முட்டையெல்லாம் வாங்கிட்டோம்மா, கெட்டுப் போயிடும்" என்றார் பிரயூன்.

"அழுதுடுங்க, அழுதா இரங்குவாங்க" என்று ஒருத்தி யோசனை சொன்னாள். "பேரைச் சொல்லாதீங்க" என்றாள் இன்னொருத்தி. "ஸ்பீக்கர்ல போடுங்க, எங்களுக்குக் கேக்கல" என்றேன் நான். வீடு பக்கத்தில்தான் என்றாலும் காது கொஞ்சம் மந்தம்.

"பின்னால எத்தனை பேரு பேசுறாங்க" என்றது போன். "பெரிய ஆபீசாவே போட்டு உக்காந்திருக்கீங்க போல. ஏமாத்துற ஆபீசெல்லாம் எல்லையிலதானே இருக்காம், நீங்க எந்த நாட்டு எல்லை?"

வைத்துவிட்டாள். அன்று எங்கள் சந்து முழுவதும் மோசடிக் கும்பலாக ஆயிற்று.

கோவித் ஆசானிடம் யோசனை கேட்கலாம் என்று அக்கா அவருக்குப் போட்டாள். 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்றது. "பாருங்க, ஆசான் நம்பரையே இல்லைங்குது. இந்தப் போனே சரியில்ல" என்று ரோஸ் போனைத் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

சந்துக் கோடியில் இருக்கும் ஏட்டு சக்தாவைக் கூட்டி வந்தது யார் யோசனை என்று இப்போது யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஓசியில் ஃபோய் தோங் கிடைக்கும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"அம்மா, நான் போலீஸ் பேசறேன்" என்றார் கட்டைக் குரலில்.

"போன வாரம் பேசின போலீஸ் உங்கள விட நல்லாப் பேசினாரு."

சக்தாவுக்குச் சுருக்கென்றது. மறுபடி கூப்பிட்டார், இந்த முறை வீடியோவில். தொப்பியைப் போட்டுக்கொண்டு, பட்டைகள் தெரியத் தோளைத் திருப்பிக் காட்டினார். அந்தப் பக்கம் முகம் தெரியவில்லை, மேல்கூரை மட்டும் தெரிந்தது.

"சட்டை நல்லாத்தான் தைச்சிருக்கீங்க" என்றாள். "பின்னால துணி காயப் போட்டிருக்கே, அதை எடுத்துட்டுக் காட்டியிருந்தா கொஞ்சம் நம்பியிருப்பேன்."

காய்ந்தது பிரயூனின் லுங்கி. அதற்குப் பிறகு அந்த எண் எடுக்கவே இல்லை. பல முறை தவறாக முயன்றதால் கணக்கைப் பூட்டியிருப்பதாக ரோஸ் போனும் சொல்லிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி முயலலாமாம். சனிக்கிழமைக்கு அடுத்த நாள்.

அக்கா அன்று சோறு தின்னவில்லை. "எங்கேன்னே தெரியாத வீட்டுக்கு எதுக்கு இழுக்கிறது?" என்று பிரயூன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அடுப்பைப் பற்றவைத்தாள். நூறு பெட்டிக்கும் இழுத்தாள். வாக்குக் கொடுத்த கை, அது பாட்டுக்கு இழுத்தது. பார்த்துக்கொண்டிருந்த நாங்களும் பெட்டி மடிக்க உட்கார்ந்தோம். இது எங்கள் சந்தில் அபூர்வம்.

வெள்ளிக்கிழமை பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது சக்தா வந்தார், ஓசிக்கு வரும் முகமாக இல்லை.

"அக்கா, ஸ்டேஷன் வரைக்கும் வரணும். ஓ.டி.பி. கேட்டுத் தொந்தரவு பண்ற கும்பல்னு ஒரு புகார். உங்க புது நம்பரக் குடுத்திருக்காங்க."

"நீங்க சொல்ல வேண்டியதுதானே, நான் யாருன்னு?"

"எங்க சொல்றது? போலி போலீஸ்னு என் மூஞ்சியையும் படம் பிடிச்சுக் குடுத்திருக்காங்க."

எதற்கும் கையில் ஒரு பெட்டி எடுத்துக்கொண்டு போனாள் அக்கா. நாங்களும் போனோம். துணைக்குத்தான்.

இன்ஸ்பெக்டர் மேசைக்கு எதிரே ஒரு பருத்த பெண்மணி, மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா "வணக்கம்" என்று வாயெடுத்ததுமே, "இதே குரல்தான் சார்" என்றாள். சக்தாவைப் பார்த்து, "இதோ, அந்தத் துணி காயற போலீஸ்" என்றாள். இன்ஸ்பெக்டர் வெகு நேரம் கூரையைப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறவர்கள் அங்கேதான் பார்ப்பார்கள்.

கதை முழுவதையும் அக்கா சொன்னாள். நடுநடுவே நாங்களும் சொன்னோம். இன்ஸ்பெக்டர் பெட்டியைத் திறந்து ஒரு மடிப்பை வாயில் போட்டுக்கொண்டார்.

"இந்தக் கை ஏமாத்தாதும்மா" என்று தீர்ப்புச் சொன்னார். கணக்கைப் பூட்டிய கம்பெனிக்கு அவரே பேசினார். ஒரு இன்ஸ்பெக்டர் ஓ.டி.பி. கேட்பதற்குள் அவரும் நாலு பேரிடம் போலி என்று பெயர் வாங்கி, கடைசியில் பூட்டைத் திறக்கச் செய்தார். பெண்மணியின் மடியில் போன் சிணுங்கியது.

"சொல்லலாமா சார்? சொல்லக் கூடாதுன்னு உங்க தலைக்கு மேலயே ஒட்டியிருக்கே."

"நான் இருக்கேன், சொல்லுங்க."

அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். அக்கா ஒவ்வொன்றாக அழுத்தினாள். கணக்கு திறந்தது. அடைத்த குழாய் திறந்ததுபோல் சேதிகள் கொட்டின. அக்கா தாமரையைத் தேடினாள், கண்டாள், படித்தாள்.

"மலையடிவாரம்... கோவித் ஆசான் வீடு" என்றாள். "அட, நம்ம ஆசானா?"

"அது நான் அனுப்பினது" என்றாள் பருத்த பெண்மணி. "நான் ஆசானோட தங்கச்சி. போன மாசந்தான் ஊர்லேருந்து வந்தேன், போன் எடுக்கிறது, ஆர்டர் சொல்றது எல்லாம் இப்ப நான்தான். அந்த இனிப்புக்காரி நீங்கதானா? ஏன்க்கா, அதுக்கப்புறம் பதிலே போடல?"

அக்காவுக்கு உயிர் வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே கவலையில்லம்மா. பெட்டியெல்லாம் தயார். விடிஞ்சதும் கொண்டு வர்றேன். ஆமா, ஆசான் வீட்டுல என்ன விசேஷம்?"

"புது நம்பருக்குப் பூசை அக்கா" என்றாள் தங்கச்சி, மடியில் இருந்த போனைத் தூக்கிக் காட்டி. "உங்களுக்கு ஆர்டர் சொன்னப்ப நம்பர் கைக்கே வரல. ஆனா அண்ணன் அப்பவே கணிச்சுட்டாரு, சனிக்கிழமைக்குள்ள அது தானா நம்ம வீட்டுக்கு வந்துடும், நீ இனிப்புக்குச் சொல்லிடுன்னு. அவரு சொல்லி எதுதான் நடக்காமப் போயிருக்கு?"