தலைவர் வீட்டு அடுப்படி

மின்சாரம் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து அதற்கு உண்மையாக ஊழியம் செய்தவர்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அந்த விரல்களில் ஒன்று தம்முடையது என்பதில் எலக்ட்ரீஷியன்கள் சங்கத் தலைவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அந்த விரல்தான் இப்போது அவர் வீட்டு அடுப்படியில், ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்த பிளக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. விட்டால் மிக்ஸி நின்றுவிடும்.

“இன்னும் எவ்வளவு நேரம்?” என்றார் தலைவர்.

“தக்காளி அரைபடற வரைக்கும். தினமும் நான் முழங்காலால முட்டுக்கொடுத்துக்கிட்டுத்தான் அரைக்கிறேன். இன்னிக்கு ஒருநாள் நீங்க பிடிங்க. குறைஞ்சா போயிடுவீங்க?” என்றாள் மனைவி. மருந்துக்கடைக் கல்லாவில் உட்காருபவள். சில்லறையைப் போலவே சொல்லையும் எண்ணித்தான் கொடுப்பாள். ஆனால் பாக்கி வைக்க மாட்டாள்.

வேறு நாளாக இருந்தால் தலைவர் இதைக் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார். முந்தின நாள் சங்கக் கூட்டத்தில் வாயைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அடுப்படியில் மின்சாரப் பாதுகாப்பு பற்றி ஒன்றே கால் மணி நேரம் முழங்கிவிட்டு அவர் உட்கார்ந்ததும் பொருளாளர் எழுந்தார். அடுத்த தேர்தலில் தலைவர் நாற்காலிக்குக் குறி வைத்திருப்பவர்.

“அருமையான பேச்சு. ஆனா நம்ம தலைவர் வீட்டு அடுப்படியை யாராவது பார்த்திருக்கோமா?”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. தலைவருக்கு ரோஷம் எழுந்தது.

“வர்ற ஞாயித்துக்கிழமை மொத்தச் சங்கமும் என் வீட்டுக்கு வாங்கய்யா! அடுப்படி வயரிங்னா என்னன்னு காட்டறேன். ஒரே ஒரு குறை சொல்லிட்டா, அந்த நிமிஷமே நாற்காலியை விட்டு இறங்கறேன்!”

எல்லோரும் கைதட்டினார்கள். பொருளாளர்தான் பலமாகத் தட்டினார்.

ஆறு நாள் இருந்தது. அடுப்படியில் இருந்ததோ ஒரே ஒரு பிளக். அதிலிருந்து கிளை பிரிந்து ஃப்ரிட்ஜ், மிக்ஸி, ஓவன் என்று ஒரு கூட்டுக்குடும்பமே பிழைத்துக்கொண்டிருந்தது. எல்லாக் கூட்டுக்குடும்பத்திலும் போலவே, ஒன்றுக்கு ஒன்று ஆகாது.

“மொத்தத்தையும் மாத்திடறேன்,” என்றார் தலைவர்.

“எவ்வளவு ஆகும்?”

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் தலைவரின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். ‘மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு’ என்று தொடங்கி, கம்பி, பைப், சுவிட்சுப் பெட்டி, சுவர் கொத்த, சுவர் பூச, கூலி, இதர செலவு என்று அரைப் பக்கம் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு நீட்டினார்.

மனைவி படித்தாள். “கூலி யாருக்கு?”

“எனக்குத்தான்.”

“இதர செலவு?”

“அதுவும்... நான்தான்.”

“அந்தப் பேனாவைக் கொஞ்சம் கொடுங்க. இருபத்தொரு வருஷமா சமைச்சதுக்கு நானும் ஒரு அரைப் பக்கம் எழுதித் தர்றேன்.”

தலைவர் பேனாவைக் கொடுக்கவில்லை. கூலியையும் இதர செலவையும் தாமே அடித்தார். “நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வந்துடறேன்மா,” என்றார், தொழில் வழக்கப்படி.

செவ்வாய்க்கிழமை மனைவி கடைக்கு லீவு சொன்னாள். கல்லூரிக்குப் போகும் மகளையும் நிறுத்திக்கொண்டாள். இருவருமாக அலமாரிகளைக் காலி செய்து, பாத்திரங்களைக் கூடத்து சோபாவில் ஏற்றினார்கள். பத்து மணி ஆயிற்று. பதினொன்றும் ஆயிற்று. ஆளைக் காணோம். மனைவி போனை எடுத்தாள்.

“இதோ பக்கத்துத் தெருவுலதான் இருக்கேன்மா! ஒரு அஞ்சே நிமிஷம்!”

அந்தக் குரல் போனிலும் கேட்டது, படுக்கையறைக் கதவுக்குப் பின்னாலிருந்தும் கேட்டது. போனில்தான் கொஞ்சம் தாமதமாகக் கேட்டது.

மகள் போய்க் கதவைத் திறந்தாள். தலைவர் செய்தித்தாளை மடித்துக்கொண்டு எழுந்தார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்கும் முன்பே வாய் தன் கடமையைச் செய்துவிட்டது.

“எங்கெங்க சுவிட்ச் வரும்னு சுவத்துல குறி போட்டுக்கலையாப்பா?” என்றாள் மகள்.

“குறி போடறதெல்லாம் தொழிலுக்குப் புதுசா வந்தவங்க பண்றது. பிளான் மொத்தமும் இங்க இருக்கு,” என்று நெற்றியைத் தட்டிக் காட்டிவிட்டு, தலைவர் உளியைச் சுவரில் வைத்தார்.

மூன்றாவது அடியில் ஃப்ரிட்ஜ் மௌனமாயிற்று. நெற்றிக்குள் இருந்த பிளானில், பழைய கம்பி போகும் வழி மட்டும் விட்டுப்போயிருந்தது.

இதற்கெல்லாம் அசருகிறவரா? ஃப்ரிட்ஜைக் கூடத்துக்குத் தள்ளி, டிவிக்குப் பக்கத்துப் பிளக்கில் சொருகினார். மாலையில் மகள் அதே பிளக்கில் இஸ்திரிப் பெட்டியையும் போட, கூடமும் அணைந்தது. புதன்கிழமை கூடத்து சுவிட்சுப் பெட்டியைத் திறந்து, “ரெண்டே ரெண்டு கம்பி” மாற்றினார். கூடமும் எரிந்தது, அடுப்படிக்கும் உயிர் வந்தது. ஆனால் அடுப்படி விளக்கைப் போட்டால் வாசல் மணி அடித்தது.

“அப்பா, வாசல்ல யாரோ வந்திருக்காங்க.”

“யாரும் வரலைம்மா. அம்மா காபி போடறா.”

வியாழக்கிழமை இன்னும் இரண்டு கம்பி மாற்றினார். அடுப்படி விளக்கைப் போட்டுப் பார்த்தார். மணி அடிக்கவில்லை. வெற்றி வீரராகக் குளிக்கப் போனார். அந்த நேரத்தில் கூரியர்காரர் வந்து வாசல் மணியை அழுத்தினார். அப்போதும் மணி அடிக்கவில்லை. மூடி போடாமல் தக்காளியோடு காத்திருந்த மிக்ஸி சுற்றியது. உள்ளே மணிச் சத்தம் கேட்கவில்லையே என்று அந்தக் கடமை தவறாத மனிதர் விடாமல் அழுத்தினார்.

மனைவி கூரையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

தலையில் நுரையோடு ஓடிவந்தார் தலைவர். “யாரைக் கூப்பிடறே?”

“எலக்ட்ரீஷியனை.”

“ஐயையோ! சங்கத்துல தெரிஞ்சா என் மானமே போயிடும்!”

“அவங்க சங்கத்துலயே இல்லையாம். எங்க கடையில பில் போடற பொண்ணு சொன்னா. ஒரு அம்மா வந்து அவ வீட்டுல பண்ணிக் கொடுத்தாங்களாம். சொன்னா சொன்ன நேரத்துக்கு வந்துடுவாங்களாம்.”

“சொன்ன நேரத்துக்கா?” தலைவர் உதட்டைப் பிதுக்கினார். “அப்போ வேலை இல்லாத ஆளாத்தான் இருக்கும்.”

வெள்ளிக்கிழமை ஒன்பது மணி என்றால் ஒன்பது மணிக்கு அந்த அம்மாள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். நாற்பது வயதிருக்கும். வந்ததும் மெயின் சுவிட்சை அணைத்தாள். தலைவர் ஒரு நாற்காலியை இழுத்து அடுப்படி வாசலில் போட்டு, குறை கண்டுபிடிக்க வசதியாக உட்கார்ந்தார்.

அவளோ உளியையே எடுக்கவில்லை. மனைவியிடம் பேச உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, அரைக்கும்போது எங்க நிப்பீங்க? ஓவன்லேருந்து சூடா எடுத்தா எந்தப் பக்கம் வெப்பீங்க? பாத்திரம் கழுவினா தண்ணி எதுவரைக்கும் தெறிக்கும்?”

இருபத்தொரு வருடத்தில் யாரும் கேட்காத கேள்விகள். மனைவி அரை மணி நேரம் பதில் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரலே மாறிப்போயிற்று.

பிறகு அந்த அம்மாள் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து, பழைய கம்பி போகும் வழியைச் சிவப்பு சாக்பீஸால் கோடிட்டாள். புது வழியை வெள்ளையால். ஃப்ரிட்ஜுக்குத் தனி, ஓவனுக்குத் தடிமனான கம்பியில் தனி, மேடைக்கு மேலே முழங்கை உயரத்தில் மூன்று பிளக். எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து, கீழே செலவையும் எழுதினாள்.

தலைவரால் பொறுக்க முடியவில்லை. “என்னம்மா, இதர செலவுன்னு ஒண்ணும் போடலையே?”

“என்னென்ன செலவுன்னு பார்த்துட்டேன் அண்ணே. அப்புறம் இதரம் எங்கேருந்து வரும்?”

தலைவர் அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: நல்ல வேலையைக் கண்டால் மயங்கக்கூடிய மனம்தான் அவருக்கு. என்ன, இதுவரை அப்படி ஒன்றை நின்று பார்க்க அவருக்கு நேரம் வாய்த்ததில்லை. படிய வாரிய தலைமுடி போலக் கம்பிகள் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகப் போவதைப் பார்த்தார். ஒவ்வொரு இணைப்பையும் அவள் முடுக்கிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பதைப் பார்த்தார். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று ஒவ்வொன்றிலும் சின்னச் சீட்டு ஒட்டுவதைப் பார்த்தார். மதியத்துக்குள் நாற்காலி உள்ளே நகர்ந்தது. சனிக்கிழமை காலையில் நாற்காலியே இல்லை; தலைவர் தரையில் உட்கார்ந்து, கேட்காமலே டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா இப்படி அடக்கமா இருந்து நான் பார்த்ததே இல்லம்மா,” என்றாள் மகள்.

“கண்ணு வெக்காதே,” என்றாள் மனைவி.

சனிக்கிழமை மாலை ஓவன், மிக்ஸி, ஃப்ரிட்ஜ் மூன்றும் ஒன்றாக ஓடின. விளக்கு இமைக்கக்கூட இல்லை. அந்த அம்மாள் தரையைப் பெருக்கி, குப்பையைத் தானே அள்ளிக்கொண்டு, “நாளைக்கு வந்து பணம் வாங்கிக்கறேன்க்கா,” என்று கிளம்பிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை முப்பத்திரண்டு பேர் வந்தார்கள். பொருளாளர் சொந்தமாகவே டார்ச்சும் ஸ்க்ரூடிரைவரும் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தார், முகர்ந்தார், இழுத்தார். முகம் வாடிக்கொண்டே வந்தது.

“குறை ஒண்ணும் இல்ல,” என்றார் கடைசியில், பல் பிடுங்கிக்கொண்டவர் போல. பிறகு அவரையும் மீறி, “என்னா வேலைய்யா இது! தொழில்னா இதான் தொழில்,” என்றார்.

“தலைவர் கைன்னா சும்மாவா!” என்று யாரோ கத்தினார்கள்.

தலைவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள். “ஏதோ... நம்ம வீட்டு வேலை,” என்றார் தலைவர். பொய் இல்லை. ஆனால் கைதட்டல் எழுந்ததும் அடக்கம் வந்த வழியே போய்விட்டது.

“ஒண்ணு மட்டும் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுவேன்யா! இத்தனை வருஷத்துல நான் வேலை முடிச்சுட்டு வந்த ஒரு வீட்டுலேருந்தும், சரியில்லைன்னு என்னை யாரும் திரும்பக் கூப்பிட்டதில்ல!”

இந்தமுறை போட்டியே வேண்டாம், தலைவரே தொடரட்டும் என்று முன்மொழிந்தவர் பொருளாளர்.

கூட்டம் கலைந்து, செருப்புகள் எல்லாம் வாசலை விட்டுப் போன பிறகு அந்த அம்மாள் வந்தாள். மனைவி பணத்தை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தாள். தலைவரும் தம் பையிலிருந்து கொஞ்சம் எடுத்து அதன்மேல் வைத்தார்.

“கூடவே வெச்சுக்கம்மா. இப்படி ஒரு கையை நான் பார்த்ததில்ல. மனசாரச் சொல்றேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணே ஒண்ணு. இதை நீ பண்ணினேன்னு வெளியில மட்டும்...”

“நான் ஏன் அண்ணே சொல்லப்போறேன்?” அவள் சாமான் வாங்கிய பணத்தை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு, மீதியைத் தலைவர் கையிலேயே வைத்தாள். “கூலி வேண்டாம்.”

“ஏம்மா?”

“உங்க வீட்டுல கூலி வாங்கினா மனசு உறுத்தும் அண்ணே. பன்னெண்டு வருஷமா என் குடும்பம் ஓடறதே உங்களாலதானே? நீங்க வேலை முடிச்ச வீட்டுலேருந்தெல்லாம் மறுநாள் எனக்குத்தான் போன் வரும்.”