கோடு விழாத கை

பேராசிரியர் எக்ஸ்ரே ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அதன் வழியாக, வாசலில் நின்ற அவருடைய கார் பளிச்சென்று தெரிந்தது.

"இதுல உனக்கு என்ன தெரியுது?"

"உங்க கார் சார்."

"கார் தெரியக் கூடாதுப்பா. கோடு தெரியணும்."

ஆய்வகத்தில் அவனுக்கு 'வெத்து' என்று பெயர். ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்த நாள்முதல் அவன் கொண்டுவந்த எல்லா ஃபிலிம்களும் இப்படித்தான் வெறுமையாக இருந்தன. மற்ற யாருக்கும் அந்தக் கோடு தவறியதே இல்லை.

இந்தச் சோதனைக்கு வெஸ்டர்ன் பிளாட் என்று பெயர்; பிளாட் என்றால் ஒற்றி எடுப்பது. ஒரு மாதிரியில் குறிப்பிட்ட டி.என்.ஏ. இருக்கிறதா என்று பார்க்க முதன்முதலில் வழி செய்தவரின் குடும்பப் பெயர் சதர்ன், அதாவது தெற்கு. அதனால் அது சதர்ன் பிளாட். ஆர்.என்.ஏ.வுக்கு வழி செய்தவர்கள் வடக்கு என்று நார்தர்ன் வைத்தார்கள், புரதத்துக்கு மேற்கு என்று வெஸ்டர்ன் வைத்தார்கள். விஞ்ஞானிகள் இதற்கு இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். வேறு ஜோக் அவர்களிடம் இல்லை.

வேலை என்னவோ எளிதுதான். புரதங்களை ஜெல்லில் மின்சாரம் விட்டுப் பிரிக்க வேண்டும். அப்படியே காகிதம் போன்ற ஒரு சவ்வுக்கு ஒற்றி எடுக்க வேண்டும். சவ்வின் காலி இடங்களைப் பால்பவுடர் கரைசலால் அடைக்க வேண்டும். பிறகு ஆன்டிபாடி என்ற மருந்தை ஊற்றினால், அது தனக்கு வேண்டிய புரதத்தை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் மேலே ஃபிலிமை வைத்தால், ஒட்டிய இடத்தில் கறுப்பாக ஒரு கோடு விழும்.

அந்த ஆன்டிபாடிதான் ஆய்வகத்தின் குலதனம். உலகத்திலேயே வேறு எங்கும் போவதற்கு முன்னால் நமக்குத்தான் கொடுத்தார்கள் என்று பேராசிரியர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். தங்க நிற மூடி போட்ட சின்னக் குப்பி. கம்பெனி விற்பனையாளர் ஒரு காலண்டரோடும் இரண்டு பேனாவோடும் சேர்த்து இனாமாகக் கொடுத்துவிட்டுப் போனது. பேராசிரியர் அதைப் பூட்டிய ஃப்ரிட்ஜில் வைத்து, சாவியைக் கார் சாவியோடு கோத்திருந்தார். குப்பி வந்தபிறகு ஆய்வகத்தில் கட்டுரைகள் குட்டி போட்டன.

"வெள்ளிக்கிழமை உன் ஆராய்ச்சியைப் பார்க்கக் கமிட்டி வருது. கோடு வந்தா நீ இருக்கலாம். வரலைன்னா உன் இடத்துக்கு ஆள் ரெடி" என்றார் பேராசிரியர்.

அவனுக்கும் ஒரு இடம் ரெடியாக இருந்தது. அவன் அக்கா வீட்டில் தங்கியிருந்தான். மாமாவின் டைல்ஸ் கடையில் ஒரு நாற்காலி காலி. அதில் உட்கார்ந்தால் முதுகுவலி வராது என்று மாமா தினமும் சாப்பாட்டு மேசையில் விளக்கிக்கொண்டிருந்தார்.

ஆய்வகத்தின் நட்சத்திரம் 'தங்கக்கை'. அவர் தொட்டால் கோடு விழும். வெத்து அவரிடம் போய் நின்றான். ஃபிலிமை இன்னும் நிறைய நேரம் வைக்கச் சொன்னார், தலையை நிமிர்த்தாமலே. வைத்தான். ஃபிலிம் முழுக்கக் கறுத்துவிட்டது.

"முன்னாடியாவது கார் தெரிஞ்சுது" என்றார் பேராசிரியர்.

காலி இடங்கள் சரியாக அடைபடவில்லை, பால் போதவில்லை என்றார் தங்கக்கை. பால்பவுடர் டப்பாவைத் திறந்தால் அதில் ஸ்பூன் மட்டும் இருந்தது. தங்கக்கைக்கு டீயில் பால் தூக்கலாக இருக்க வேண்டும். வெத்து வீட்டுக்கு ஓடி, அக்கா குழந்தையின் டப்பாவை எடுத்துவந்து சவ்வை அதில் ஊறப்போட்டான். கறுப்பு போய்விட்டது. கோடு வரவில்லை. கார் மறுபடி தெரிந்தது. வீட்டில் குழந்தை பாலுக்கு அழுது தெருவையே கூட்டிவிட்டது.

"குழந்தை வாயிலேருந்து பிடுங்கி ஒரு காகிதத்துக்கு ஊட்டியிருக்கான் உன் தம்பி. அது ஏப்பமாவது விட்டுதா?" என்று அக்காவிடம் கேட்டார் மாமா. அன்று அவன் தட்டில் அக்கா எதையும் போடவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே வழி. ஆன்டிபாடியைக் கூட்டுவது. வழக்கமாக ஒரு சொட்டு. அவன் கெஞ்சியதில் பேராசிரியர் தன் கையாலேயே பாதிக் குப்பியை ஊற்றினார். ஊற்றும்போது ஏதோ சொத்தை எழுதிக்கொடுக்கிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். ஃபிலிம் கழுவிய தண்ணீரைப் போலவே ஃபிலிமும் தெளிவாக வந்தது.

"இதே குப்பி. இதே ஃப்ரிட்ஜ். எல்லாருக்கும் வருது. உன் கை பட்டா மட்டும் அது செத்துப்போகுது. உனக்கு என்னப்பா தோஷம்?"

அவன் அறைக்கு வெளியே வந்து தன் கைகளைப் பார்த்தான். டைல்ஸ் தூக்கத் தோதான கைகளாகத்தான் தெரிந்தன.

வியாழக்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, பழைய ஃபிலிம்கள் கிடந்த பெட்டியைத் திறந்தான். எவனோ எந்தக் காலத்திலோ எடுத்த, எதற்கென்றே தெரியாத கோடுகள். ஒன்றை வெட்டி எடுத்துத் தன் புரதத்தின் பெயரைப் போட்டால் கேட்க ஆளில்லை. வெட்கம் காதுவரை ஏறியது. இத்தனை பேர் நேர்மையாக உழைத்த இடத்தில் தான் ஒருவன் திருடனாகப் போகிறோமே என்று நினைத்துக்கொண்டான்.

பெட்டியில் முழு ஃபிலிம் அதிகம் இல்லை. பலவற்றில் நடுவே சதுரம் சதுரமாக ஓட்டை. எலி கடித்திருக்கும் என்று நினைத்தான். எலிகள் இத்தனை நேராகக் கடிக்குமா என்று யோசிக்கும் நிலையில் அவன் இல்லை. கத்தரிக்கோலைத் தேடவும் வேண்டியிருக்கவில்லை, பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

வெள்ளிக்கிழமை திரையில் கோடு கம்பீரமாக எழுந்தது. கமிட்டி தலையாட்டியது. பேராசிரியர் எழுந்து வந்து அவன் தோளில் கைபோட்டு, இன்றுதான் நீ விஞ்ஞானி ஆனாய் என்றார். இனி அவனை வெத்து என்று யாரும் கூப்பிடக் கூடாது என்றும் உத்தரவிட்டார். தங்கக்கை மட்டும் திரைக்கு அருகில் போய், கோட்டைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"எங்கேயோ பார்த்த முகமா இருக்கே" என்றார்.

பிறகு அவசரமாக அவன் கையைக் குலுக்கிவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தார்.

அந்த நேரத்தில் கதவைத் தட்டிக்கொண்டு கம்பெனி விற்பனையாளர் வந்தார். கையில் ஐஸ் பெட்டி. பேராசிரியர் அவரைக் கட்டிக்கொள்ளாத குறையாக வரவேற்று, ஃப்ரிட்ஜிலிருந்து தங்க மூடிக் குப்பியை எடுத்துவந்து கமிட்டியின் முன்னால் உயர்த்திக் காட்டினார். இந்த மருந்து இல்லையென்றால் எங்கள் கட்டுரைகளில் ஒன்றுகூட வந்திருக்காது என்றார்.

விற்பனையாளர் குப்பியைப் பார்த்தார், திரையில் இருந்த கோட்டைப் பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டார்.

"அது கண்ணாடி அலமாரியில அழகுக்கு வெக்கக் குடுத்த மாடல் சார், உள்ளே வெறும் தண்ணி. நிஜ மருந்து இன்னைக்குத்தான் வந்திருக்கு. இத்தனை நாளா யாரும் கேட்கலையா, சரி, உங்களுக்கு அது தேவைப்படலைன்னு நினைச்சுட்டேன்."