இருபத்தாறு முறை உருகிய துளி

உலகில் இதுவரை தோன்றிய துளிகளுக்கெல்லாம் தலைமைத் துளி எங்கள் ஆய்வகத்து ஃப்ரீசரில்தான் இருக்கிறது, கண்ணுகளா. கட்டைவிரல் அளவு குப்பி. அதற்குள் ஒரு ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பொருள். வலிப்பு மாத்திரையின் மருந்து ரத்தத்தில் எங்கே ஒளிந்தாலும் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும். வேறு எதையும் தொடாது. அதை வைத்தே ரத்தத்தில் மருந்து எவ்வளவு என்று அளந்துவிடலாம். அப்படி ஓர் ஒழுக்கம்!

குப்பியில் ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று ஒட்டியிருந்தது. ஆகவே எங்கள் இயக்குநர் ஆராய்ச்சி நீங்கலாக மற்ற எல்லாவற்றுக்கும் அதைப் பயன்படுத்தினார். வந்த விருந்தினருக்கெல்லாம் வெல்வெட் தட்டில் ‘குப்பி தரிசனம்’. உருகும்வரை உரை, உருகியதும் புகைப்படம், பிறகு மறுபடி ஃப்ரீசர். ஒரே ஆண்டில் இருபத்தாறு தடவை.

“சார், இப்படி உருக்கி உருக்கி உறைய வெச்சா செத்துப்போகும்” என்றாள் சொட்டு அக்கா. எதையும் சொட்டுக் கணக்கில் அளப்பதால் எங்கள் பரிசோதகிக்கு அந்தப் பெயர்.

“எத்தனை பெரியவங்க பார்வை பட்டிருக்கு! ஆயுசு கூடும்மா.”

எங்கள் வலிப்பு மாத்திரை ஆராய்ச்சியில் சேர்ந்திருந்த ஏழு வயதுச் சிறுமியை ஒருநாள் அவள் அம்மா தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். இறக்கிவிட்டால் குழந்தை தள்ளாடியது. கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. ரத்தம் எடுத்தோம். மாண்புமிகு குப்பி சொன்ன விடை: பூஜ்யம்.

“நீங்க மாத்திரையே குடுக்கல” என்றார் இயக்குநர்.

“ரெண்டு வேளையும் என் கையால குடுக்கறேன் ஐயா. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துட்டுத்தான் நகருவேன்.”

“அப்ப குழந்தை ஏமாத்துது. இன்னிலேருந்து ரெட்டிப்பா குடுங்க.”

சொட்டு அக்கா மாத்திரையையே தண்ணீரில் கரைத்து, அதே குப்பியை வைத்துச் சோதித்தாள். அதிலும் பூஜ்யம்.

“பார்த்தியா, மாத்திரையும் பொய் சொல்லுது!” என்றார் இயக்குநர்.

அக்கா ஃப்ரீசரைத் திறந்தாள். ஃப்ரீசரின் அடித்தட்டில் பனி மூடிக் கிடந்த டப்பாவிலிருந்து ஒரு குட்டிக் குழாயை எடுத்தாள். குப்பி வந்த அன்றே, கெட்டிக்காரி, பாதியைச் சொட்டுச் சொட்டாகப் பிரித்து ஒளித்துவைத்திருந்தாள்: ஒரு குழாய் ஒரு சோதனைக்கு, ஒரே ஒரு தடவை உருக. அதை வைத்துச் சோதித்தாள். கரைசலில் மருந்து இருந்தது. குழந்தையின் ரத்தத்திலும் இருந்தது, தாங்கக்கூடியதைப்போல் இரண்டு மடங்கு.

“நீ குடுத்தது சரிதாம்மா. புள்ளைக்கு அளவுதான் தாங்கல. மேல்மாடி டாக்டர்கிட்ட இந்தச் சீட்டோட இப்பவே ஓடு. அவர் சொல்ற வரைக்கும் அடுத்த மாத்திரை வேண்டாம்.”

“நான் பொய் சொல்லலைன்னும் அதுல ஒரு வரி எழுதிக் குடுங்கக்கா.”

அக்கா அதை முதல் வரியாக எழுதினாள்.

மறுநாளே விசாரணைக் குழு கூடியது. மூன்று பேர், ஏழு கோப்பு. குற்றம்: ‘நிறுவனத்தின் பெருமையை அனுமதியின்றிப் பங்கிட்டமை’.

“மீதிப் பெருமையை எங்கேம்மா வெச்சிருந்தே?”

“அடித்தட்டுல, சார்.”

“அடப்பாவமே! அப்ப விருந்தினருங்க இத்தனை நாளும் பாதிப் பெருமையத்தான் பார்த்தாங்களா?”

அக்காவுக்குப் பணியிடை நீக்கம். மிச்சமிருந்த குட்டிக் குழாய்களுக்கு வெல்வெட் தட்டுக்குப் பதவி உயர்வு.

குறை சொல்லாதீர்கள், கண்ணுகளா. ஆயிரம் பொருளுக்கு நடுவே ஒன்றே ஒன்றைத் தேடிப் பிடிப்பதுதானே எதிர்ப்பொருளின் மகிமை? எங்கள் குழுவுக்கும் அது உண்டு. அத்தனை பேர் நடமாடும் கட்டடத்தில் வேலை பார்த்தவள் ஒருத்திதான். துல்லியமாக அவளைப் பிடித்துவிட்டது.